பதினான்காவது ஆள்

போன வாரம் மலையேறும் மெட்டுப் பாதை வளைவில், ஏலக்காய்த் தோட்டத்துக்குக் கூலியாட்களை ஏற்றிப்போன ஜீப் பின்னோக்கி உருண்டு பாறையில் முட்டி நின்றதிலிருந்து, கயல் காலையில் அம்மாவின் முந்தானையை விடுவதில்லை. அந்த ஜீப்பில் அம்மா பேச்சியம்மாளும் இருந்தாள் என்பது பிள்ளையின் காதுக்கு எட்டிவிட்டது.

பள்ளியில் சுபாஸ்ரீ டீச்சர் மூளையைப் பற்றிச் சொல்லிக்கொடுத்திருந்தார். மூளைக்குள் திராட்சைத் தோட்டத்துக் காவல்காரர் மாதிரி ஒருவர் இருக்கிறார். பழம் தின்னக் கிளி வந்தாலும் தகரம் தட்டுவார், வெறும் சருகு விழுந்தாலும் தட்டுவார். அப்போதுதான் நெஞ்சு படபடக்கிறது. மூச்சை நிதானமாக விட்டு, வந்தது கிளியா சருகா என்று பார்க்க வேண்டும்.

பேச்சியம்மாள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். "இதெல்லாம் சருகு, ஆத்தா" என்று தினமும் மகளைத் தேற்றிவிட்டு ஜீப் ஏறினாள். ஏறிய பிறகு ஒவ்வொரு வளைவிலும் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

இன்றைக்கு உள்ளே ஏற்கெனவே பதிமூன்று பேர். பின்படியில் ஒற்றைக் கால் வைக்கத்தான் இடம்.

"ஏறு தாயி, வெரசா. விருந்துக்கா போற, யோசிச்சுக்கிட்டு நிக்கிற?" என்றான் டிரைவர் மலைச்சாமி. உள்ளே சிரித்தார்கள்.

அவள் கம்பியைப் பிடித்தாள். கால் மேலே வரவில்லை. இன்னொரு கையால் மகளின் விரல்களை இறுகப் பற்றிக்கொண்டாள்.

"அம்மா, ஒனக்கும் தகரம் அடிக்குதா?" கயல் அண்ணாந்து பார்த்தாள். "மூச்ச விடும்மா. டீச்சர் சொன்னாகல்ல? இப்பப் பாரு, கிளியா சருகா?"

பேச்சியம்மாள் பார்த்தாள். டயர் மொழுமொழுவென்று தேய்ந்திருந்தது. சருகு என்று சொல்ல வாயெடுத்தாள். சொன்னால் இந்தப் பிள்ளை இனி தன் நெஞ்சு சொல்வதையே நம்பாது. அதை நினைத்தபோது வந்த பயம் வேறு மாதிரி இருந்தது.

"கிளிதான், ஆத்தா. நெசமாவே பயந்தேன், தெனமும்." பிறகு நிமிர்ந்தாள். "நான் வரலண்ணே. இத்தன பேர ஏத்துனா வர மாட்டேன்."

"அப்ப நாளைக்கும் வராத. ஆளா இல்ல ஊர்ல?"

பின்னாலிருந்து ஓடிவந்த எதிர்வீட்டு ராக்கம்மாள் அவளை ஒதுக்கிவிட்டுப் படியில் கால் வைத்தாள். ஜீப் நகர்ந்தது.

பேச்சியம்மாள் ஓடிப்போய் ராக்கம்மாளின் தூக்குவாளிப் பையைப் பிடித்தாள். "எறங்குங்கக்கா! சொல்றதக் கேளுங்க!"

"விடுடி, விழுந்திரப் போறேன்!"

இழுத்தால் தானே தள்ளியதாகிவிடும். விட்டாள்.

கயல் ஓடிவந்து அம்மாவின் கையைப் பற்றிக்கொண்டாள். ஜீப்பின் உறுமல் மெட்டுப் பக்கம் ஏறுவதை இருவரும் மூச்சுவிடாமல் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.