குறுகிய நினைவு முறை

பின்ன வகைக்கெழுச் சமன்பாடு என்று ஒரு சனியன் இருக்கிறது. அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் நான் கணக்கு வாத்தியார். கரிசல் மண்ணில் மழை ஈரம் எத்தனை நாள் நிற்கும் என்று கண்டுபிடிக்கப் போய், பதினோரு வருடமாக அதோடுதான் குடித்தனம். சாதாரணச் சமன்பாட்டுக்கு இன்றைய நிலை தெரிந்தால் போதும், நாளையைச் சொல்லிவிடும். இதற்கு முதல் நாளிலிருந்து நடந்த அத்தனையும் வேண்டும். பழசுக்கு மதிப்பு குறையுமே தவிர, ஒருபோதும் பூஜ்யமாகாது. கம்ப்யூட்டருக்கே மூச்சு வாங்கும். அதனால் பழசை வெட்டிவிட்டு, கடைசிக் கொஞ்சத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போட குறுகிய நினைவு முறை என்று ஒரு குறுக்குவழி உண்டு.

அதை என் மனைவி தங்கலட்சுமியிடம் போட்டுப் பார்த்ததுதான் மடத்தனம். ஒரு சண்டையில் அவள் என் தப்புகளைக் கல்யாணப் பந்தியிலிருந்து அடுக்க ஆரம்பித்தாள். "கடைசி ஒரு மாசத்தை மட்டும் பேசுவோம்" என்றேன். மறுநாளே மல்லாங்கிணற்றில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். மூன்று வாரம் ஆயிற்று. அவள் இல்லாமல் எனக்கு முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை போய் நின்றேன். மாமியார் ஒச்சம்மாள் "வாங்க மாப்ள" என்று தண்ணீர் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். தங்கலட்சுமி பையைக் கட்டித் தயாராகத்தான் வைத்திருந்தாள்.

"செஞ்ச தப்பைப் பூராம் ஒத்துக்கங்க. வாரேன்."

இந்தத் தடவை எதையும் வெட்டக்கூடாது என்று முதல் நாளிலிருந்தே தொடங்கினேன். "பொண்ணு பாக்க வந்தன்னைக்கி உன் மொகத்தையே சரியாப் பாக்கல. அஞ்சேகால் விருதுநகர் பஸ்ஸு போயிருமேன்னு அவசரத்துல பிடிச்சிருக்குன்னு சொல்லிட்டேன்."

இது அவளுக்கு இதுவரை தெரியாது என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது. பையைத் தூக்கி உள்ளே எறிந்தாள்.

"அந்தப் பஸ்ஸு இன்னும் அஞ்சேகாலுக்குத்தான் வருது. கெளம்புங்க."

தெருமுனையில் ஹாரன் கேட்டது. பாழாய்ப்போன கால் தானாக எழுந்துவிட்டது. பிடிவாதமாக உட்கார்ந்தேன். அவள் முகத்தை அவசரமில்லாமல் பார்த்தேன். கோபத்திலும் அழகாக இருந்தாள். அதையும் சொன்னேன். பஸ் போய்விட்டது.

"இனி எப்படிப் போவீக?"

"காலையில ரெண்டு பேரும் சேந்தே போவோம்."

"அதுக்குள்ள சொல்லி முடிச்சிருவீகளாக்கும்?" நாற்காலியை எனக்கு எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "ம், ரெண்டாவது நாளு."