தங்கமாரியின் பாட்டு

இறந்துபோன மகள் தங்கமாரியை நினைத்துத் தானே கட்டிய பாட்டைத்தான், கொழும்பு வெள்ளவத்தையில் தான் வேலை செய்யும் தொடர்மாடிக் குடியிருப்பில் படி கழுவும்போது யோகேஸ்வரி பாடுவாள். மூன்றாம் மாடிப் பிரியந்தன் அதைக் கேட்டான். வெள்ளைக்காரன் காலத்தில் மிதிபட்ட தேயிலைத் தோட்டத்துப் பெண்ணொருத்தி பாட்டால் தலைநிமிர்வதைப் படமாக எடுத்துக்கொண்டிருந்தான் அவன்.

"அக்கா, இதைப் படத்துக்கு நீங்களே பாடுங்கோ" என்றான். ஸ்டூடியோவுக்குப் போய்ப் பாடிக் கொடுத்தாள்.

படம் வெளியான அன்று நல்ல சேலை கட்டிக்கொண்டு தியேட்டருக்குப் போனாள். திரையில் அவள் பாட்டு வந்தது. ஆனால் குரல் வேறு யாருடையதோ. பாட்டில் வரும் தங்கமாரி என்ற பெயரும் நிலானி என்று மாறியிருந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் கண்ணைத் துடைத்தார்கள்.

வெளியே வந்த பிரியந்தனை மறித்தாள்.

"ஐயா, நான் பாடுனது எங்க?"

"உங்கட குரலில தோட்டத்துப் பேச்சு கூடிப்போச்சாம் அக்கா. புரொடியூசர் வேண்டாமெண்டிட்டார்."

"எம்புள்ள பேரு?"

"அது ஹீரோயினுக்குப் பொருந்தேல்லை."

சில வாரங்களில் அந்தப் பாட்டு எங்கும் கேட்டது. கிராண்ட்பாஸ் பகுதியில் அவள் குடியிருந்த குறுகிய ஒழுங்கையில் பிள்ளைகள் நிலானி, நிலானி என்று பாடினார்கள். அது தன்னுடைய பாட்டு என்று ஒருமுறை சொன்னாள். சிரித்தார்கள். பிறகு அவள் யாரிடமும் சொல்லவில்லை.