பள்ளத்தாக்கைத் தாண்டிய வாணலி

தன் பெரிய வாணலியைத் திருப்பி வாங்கிக்கொண்டு போகத்தான் கர்சினா பள்ளிக்கூடத்துத் தண்ணீர்த்தொட்டி மேடைக்கு மூச்சிரைக்க ஏறி வந்தாள். தெம்பே என்கிற சோயா வில்லைகளைப் பொரித்து விற்கிறவள், மூன்று நாளாகச் சின்னச் சட்டியில் அல்லாடிக்கொண்டிருந்தாள்.

மேடையில் கணினி ஆசிரியை ருமியாத்தி, மூங்கில் கம்பத்தில் கட்டிய அந்த வாணலியைப் பிடித்தபடி மடிக்கணினியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது 2007. வொனோசோபோ மலையில் அந்த ஊர்வரைக்கும் இணையம் ஏறி வரவில்லை. பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் இருந்த நூலகத்துக்கு வந்திருந்தது. நூலகர் விரத்மோ தன் கூரையில் ஆண்டெனா நட்டு, பள்ளிக்கூடத்தைப் பார்த்துத் திருப்பி வைத்திருந்தார். இந்தப் பக்கம் ஆண்டெனா வாங்க வழியில்லை. பரவலாக வரும் அலையை வாணலியின் குழிவு ஒரே இடத்தில் கூட்டிக் கொடுக்கும் என்று எங்கோ படித்த ருமியாத்தி, விரல் நீள வயர்லெஸ் கருவி ஒன்றை அதன் நடுவுக்கு நேராக நிறுத்தியிருந்தாள்.

"ஓட்டை கீட்டை போட்டுட்டியா, பூ குரு?" என்றாள் கர்சினா. ஊரே ஆசிரியையை அப்படித்தான் கூப்பிடும்.

"இல்ல யூ கர்சினா, காதுல கம்பிதான் கட்டியிருக்கேன். ஆனா மூணு நாளா ஒண்ணுமே வரல. எடுத்துக்கிட்டுப் போயிடுங்க." அக்கா என்பதற்கு அங்கே 'யூ'. ருமியாத்தி கம்பியின் முடிச்சை அவிழ்க்கப் போனாள்.

"எதைப் பாத்து வெச்சிருக்கே?"

"அதோ, அந்தச் சிவப்புக் கூரை. நூலகம்."

கர்சினா இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள். "அது மீன்குஞ்சு விக்கிற ஆபீஸ். வெள்ளிக்கிழமை ஆனா கூடையைத் தூக்கிட்டு அங்கதானே போறேன். நூலகம் இடது பக்கம், பலா மரத்துக்கு மேல, பச்சைத் தகரம்."

ருமியாத்தி இந்த ஊருக்கு மாற்றலாகி வந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. கைபேசியை எடுத்து நூலகரைக் கூப்பிட்டாள். பெரியவர்களை அங்கே 'பாக்' என்றுதான் மரியாதையாக அழைப்பார்கள்.

"பாக் விரத்மோ, உங்க கூரை என்ன நிறம்?"

"பச்சை. ஏன் கேக்கறீங்க?"

"சும்மாதான் பாக்."

கர்சினாவே வாணலியின் இரண்டு காதுகளையும் பிடித்து, எண்ணெய் வடிக்கிற பக்குவத்தில் மெல்லச் சாய்த்துத் திருப்பினாள். திரையில் ஒரு கோடு முளைத்தது. பிறகு இரண்டு.

"இன்னும் கொஞ்சம் மேல, யூ. போதும், போதும். ஆடாதீங்க."

"மூக்கு அரிக்குதுடி."

"நான் சொறிஞ்சு விடறேன். கையை எடுக்காதீங்க."

நான்கு கோடுகள். ருமியாத்தி கம்பத்தை அசையாமல் கம்பியால் இறுக்கிக் கட்டினாள். பட்டியலில் நூலகத்தின் பெயர் வந்தது. கடவுச்சொல்லைத் தட்டியதும் மடிக்கணினி அந்தப் பக்கத்தோடு கைகோத்துக்கொண்டது. அதிலிருந்து இறங்கிய கம்பி வழியாகக் கீழே வகுப்பறையின் ஆறு கணினிகளுக்கும் இணைப்பு போயிற்று. கூரை அதிர ஒரு கூச்சல் எழுந்தது. ருமியாத்தி கர்சினாவைக் கட்டிக்கொண்டாள். "ஆறு கோட்டையும் நானே இழுத்துக்கிட்டு வந்தேன் பாத்தியா" என்று கர்சினா நெஞ்சை நிமிர்த்தி நின்றாள்.

"நாலு கோடுதான் யூ."

"இருக்கட்டும். வாணலி இங்கேயே கிடக்கட்டும். நான் வேற வாங்கிக்கறேன்."

இருவரும் கீழே இறங்கி வந்தபோது பிள்ளைகள் நூலகத்துப் பிள்ளைகளோடு எழுத்தில் பேசத் தொடங்கிவிட்டார்கள். "வெளிய வந்து நில்லுங்க, கை ஆட்டறோம்" என்று யாரோ தட்டினார்கள். வகுப்பு முழுக்க வெளியே ஓடிற்று. கர்சினாவும் மேல்துண்டை அவிழ்த்துச் சுழற்றினாள். எதிர்ச்சரிவில் மஞ்சள் புள்ளிபோல் என்னவோ அசைந்தது.

திரும்பி வந்து பார்த்தபோது பதில் காத்திருந்தது: "மூடுபனி வந்துடுச்சு. தெரியல. இன்னொரு தடவை ஆட்டுங்க."

மறுபடியும் ஓடினார்கள். இந்த முறை ருமியாத்திதான் முன்னால் ஓடினாள்.