குலுக்கலில் வந்த நாலாம் மாடி

லிஃப்ட் கப்பலில் வந்துகொண்டிருக்கிறது என்று நந்தகுமார் சொன்னான். கட்டடம் கட்டிய சிவப்பிரகாசத்தின் ஆள் அவன். சென்னையில் ஏற்றியாகிவிட்டதாம், கடல் சரியில்லையாம், அடுத்த கப்பலில் கட்டாயமாம். வெளிச்சுவருக்கு மஞ்சள் பெயின்ட் அடித்து, சாவி கொடுக்கும் தேதியும் குறித்தாகிவிட்டது. லிஃப்ட் வரவேண்டிய இடத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரு குழி மட்டும் இருந்தது. ஒவ்வொரு தளத்திலும் அதன் வாயைப் பிளைவுட் பலகையால் அடைத்திருந்தார்கள்.

தீவின் ஜங்லிகாட் ஜெட்டியிலிருந்து மேலேறும் சந்தில், அந்த இடத்தில் முன்பு ஆறு மரவீடுகள் இருந்தன. அவற்றைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை. மழைக்காலத்தில் பாயைச் சுருட்டிக்கொண்டு மூலைக்கு மூலை நகர வேண்டும். பூரான் வரும். இடித்தபோது யாரும் அழவில்லை. ஆனால் அவை தரையில் இருந்தன. ஜெரால்டுக்குத் தரைதான் பிழைப்பு.

ஜெரால்ட் கம்ப்ரசரின் காற்றுக்குழாயை வாயில் கடித்துக்கொண்டு சங்கு எடுக்க முங்கியவன். ஒருநாள் ஆழத்திலிருந்து அவசரமாக மேலே வந்தான். அப்படி வந்தால் நரம்பு செத்துவிடும்; இடுப்புக்குக் கீழே அன்றோடு சரி. அதற்குப் பிறகு சக்கரம் வைத்த பலகையில் உட்கார்ந்து, வீட்டு வாசலிலேயே படகு இன்ஜின் பழுது பார்த்தான். ஜெட்டியிலிருந்து வருகிறவர்கள் இன்ஜினை அவன் முன்னால் இறக்கிவிட்டுப் போவார்கள். அவன் மனைவி ஜாக்குலின் ஒரு ஹோட்டலில் துணி வெளுக்கும் பிரிவில் வேலை பார்த்தாள். இரண்டு சம்பாத்தியத்தில் குடும்பம் ஓடியது.

மரவீடுகளை இடித்துக் கட்டடம் எழுப்பி ஆளுக்கொரு குடியிருப்பு தருவதாகச் சிவப்பிரகாசம் முதலில் ஆறு வீட்டுக்காரர்களிடமும் தனித்தனியாகத்தான் பேசினார். முதலில் கையெழுத்துப் போடுகிறவருக்குக் கீழ்த்தளம் என்று ஆறு பேரிடமும் சொல்லியிருந்தார். முன்பக்கம் முழுக்க அவருடைய கடைகள். பின்னால் ஒரே ஒரு குடியிருப்பு. மற்ற ஐந்தும் மேலே நாலு மாடிகளில், முதல் மாடியில் மட்டும் இரண்டு. ஜெரால்டின் அண்ணன் அருள்நாதனுக்கு விஷயம் தெரிந்ததும் ஆறு வீட்டாரையும் தன் வீட்டில் கூட்டினார். சந்தில் அவர் சொன்னால் கேட்பார்கள். இரண்டு படகு வைத்திருந்தார். கோயில் கமிட்டியிலும் இருந்தார்.

"இவன் நம்மளப் பிரிக்கப் பாக்கான். கரையில நாம எப்படிப் பிரிப்போம்? குலுக்கிப் போடுவோம். இங்கயும் அப்படித்தான். எவனுக்கு எது விழுதோ அது. மாத்தக் கூடாது, விக்கக் கூடாது."

குலுக்கல் அவர்கள் ஊர் வழக்கம். எந்த இடத்தில் எவன் வலை போடுவது என்பதற்காகத் தூத்துக்குடிக் கரையில் செய்தது, தீவுக்கும் கூடவே வந்தது. சீட்டில் பெயர் எழுதுவதில்லை. ஆளுக்கு ஒரு பொருளைச் சட்டியில் போடுவார்கள். அதில் சம்பந்தமில்லாத ஒருவர் கண்ணை மூடி எடுப்பார். விழுந்த முறையை மாற்றிக்கொள்வது கரையில் பெரிய குற்றம். ஒருவன் மாற்றினால் மற்றவனும் மாற்றுவான், கடைசியில் காசுள்ளவன் கையில் கடல் போய்விடும் என்பது கணக்கு. மாற்றியவனோடு யாரும் தொழில் வைத்துக்கொள்ள மாட்டார்கள்.

மீனவர்கள் அல்லாதவர்களும் ஒத்துக்கொண்டார்கள். பொதுப்பணித் துறையில் ஓய்வுபெற்ற கிருஷ்ணமூர்த்தி மட்டும் ஜெரால்டைக் காட்டி, "இவருக்கு மேலே விழுந்தா என்ன செய்யறது?" என்று கேட்டார்.

"லிஃப்ட் இருக்குல்லா சார்," என்றான் ஜெரால்டே. "பட்டன அமுக்கினா நான் உங்களுக்கு முன்ன இறங்கிருவேன்."

எல்லோரும் சிரித்தார்கள். சிவப்பிரகாசமும் சம்மதித்தார். ஷாதிபூரில் வாடகை வீடுகளுக்குப் போனார்கள். பழைய வீடுகள் ஒரே வாரத்தில் விறகாகின.

குலுக்கல் புதுக் கட்டடத்தின் கீழே, சிமென்ட் வாடை போகாத கார் நிறுத்தத்தில் நடந்தது. அருள்நாதன் வலையின் ஈயக்குண்டு ஒன்றைப் போட்டார். ஜெரால்ட் பழைய ஸ்பார்க் பிளக் ஒன்றைப் போட்டான். மண்டல் வீட்டு வங்காளி அம்மாள் பாக்குக் கொட்டை போட்டாள். மார்க்கெட்டில் மீன் விற்கும் தமிழரசியைக் கூட்டிவந்து எடுக்கச் சொன்னார்கள். முதலில் எடுப்பது கீழ்த்தளம், பிறகு ஒவ்வொன்றாக மேலே.

முதலில் ஈயக்குண்டு வந்தது. அருள்நாதனின் மனைவி செலின் வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள். சிரிப்பை மறைத்தாள் என்று ஜாக்குலின் பிறகு சொன்னாள். கடைசியில் சட்டியில் மிஞ்சியது ஸ்பார்க் பிளக். நாலாம் மாடி.

எல்லோரும் அருள்நாதனைப் பார்த்தார்கள். அவர் ஈயக்குண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "லிஃப்ட் எப்ப வருது நந்தா?" என்று கேட்டார்.

"அடுத்த கப்பல்ண்ணே. பக்கா."

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் ஜாக்குலின் அருள்நாதனைக் கோயில் வாசலில் பிடித்தாள்.

"அத்தான், சுத்தி வளைக்கல. நீங்க மேல போங்க. அவரக் கீழ விடுங்க."

"முடியாது பிள்ள."

"உங்க கூடப்பிறந்தவர்தான அவரு."

"அதனாலதான் முடியாது. நானே மாத்தினா நாளைக்கு மண்டல் மாத்துவான், கிருஷ்ணமூர்த்தி மாத்துவாரு. அந்த நந்தகுமார் பணப்பையத் தூக்கிட்டு ஒவ்வொரு வாசலா நிக்கான், உனக்குத் தெரியாதா? குலுக்கலே என் தம்பிக்காவ நடத்துன நாடகம்னு சொல்லுவானுவ."

"சொல்லட்டும்."

"நீ சொல்லிருவ. நான் அந்த ஜெட்டியில நிக்கணும்லா."

பக்கத்தில் நின்ற செலின், "லிஃப்ட் வந்துருமே ஜாக்குலின். கொஞ்ச நாள் பொறுத்துக்கோயேன்," என்றாள்.

"அக்கா, நீங்க ஒரு நாள் பொறுங்க. ஒரே ஒரு நாள் மாடியவிட்டு இறங்காம இருந்து பாருங்க."

செலின் செருப்பைத் தேடினாள்.

குடிபோன அன்றும் லிஃப்ட் வரவில்லை; நான்கு பேர் ஜெரால்டைப் பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்து மேலே தூக்கிப்போனார்கள். அருள்நாதனும் ஒரு கால் பிடித்தார். மூன்றாம் மாடியில் இறக்கி வைத்து மூச்சு வாங்கினார்கள். "எடை கூடிட்டியலே," என்றார் அருள்நாதன். "மெதுவா வைங்கண்ணே, இறங்கும்போது இதுக்கும் சேத்து இளைச்சிருவேன்," என்றான் ஜெரால்ட். இறங்குவது அவ்வளவு லேசில்லை என்று அப்போது அவனுக்கும் தெரிந்திருக்கலாம்.

வீடு நல்ல வீடுதான். டைல்ஸ் தரை, குழாயைத் திறந்தால் தண்ணீர், பால்கனியிலிருந்து ஜெட்டி முழுக்கத் தெரிந்தது. ஜெரால்ட் பால்கனிக் கம்பியில் கயிறு கட்டிக் கூடை இறக்கினான். கீழே நிற்பவர்கள் கார்புரேட்டரைக் கழற்றிக் கூடையில் வைத்தால் இழுத்துக்கொள்வான். சரிசெய்து இறக்குவான். சந்தில் இதை வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடியது. ஆனால் முழு இன்ஜின் கூடையில் ஏறாது. நாலு மாடி சுமந்து வர யாருக்கும் மனசில்லை, அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. ஒருநாள் கயிறு நழுவி, கூடை முன்பக்கக் கடையின் தகரத்தில் விழுந்தது. கடைக்காரன் மேலே பார்த்து இந்தியில் ஜெரால்டின் அம்மாவை இழுத்தான். அதோடு கூடையும் நின்றது.

ஜாக்குலின் காலையில் வேலைக்குப் போகும்போது பால்கனியில் உட்கார்ந்திருப்பவன், திரும்பி வரும்போதும் அங்கேயே இருந்தான். பேச்சு குறைந்தது. சட்டை மாற்றுவதை விட்டான். ஞாயிறுகளில் கோயிலுக்குப் போக நாற்காலி தூக்க முதல் இரண்டு வாரம் நான்கு பேர் வந்தார்கள். பிறகு இரண்டு பேர் வந்து, ஆள் போதவில்லை என்று திரும்பிப் போனார்கள்.

நந்தகுமார் வந்தான். "அண்ணி, டென்ஷன் வேண்டாம். முன்பக்கம் ஷட்டர் போட்ட கடை ஒண்ணு காலியா இருக்கு. பின்னால டாய்லெட் உண்டு. இந்த வீட்டை சிவப்பிரகாசம் சேட்டு பேருக்குக் கொடுங்க, கடையை உங்க பேருக்கு எழுதித் தர்றோம். நேருக்கு நேர்."

"நாங்க ரெண்டு பேரும் கடைக்குள்ள குடியிருக்கணுமா?"

"ஜன்னல் கிடையாது. மறைக்கல. ஆனா தரை."

ஜாக்குலினுக்குச் சம்மதம். ஜெரால்டுக்கு இல்லை. "முறைய வித்தவன்னு பேரு வாங்கச் சொல்லுதியா? அந்தப் பேரோட எவன்ட்டி எனக்கு இன்ஜின் கொண்டு வருவான்?"

"இப்ப மட்டும் கொண்டு வாரானா?"

"லிஃப்ட் வந்தா வருவான்."

கையெழுத்துப் போட வேண்டியவன் அவன்.

பத்து நாள் கழித்து நிலம் ஆடியது. மதியச் சாப்பாட்டு நேரம். தீவில் நிலம் ஆடுவது புதிதல்ல. ஆனால் இரண்டாயிரத்து நாலு சுனாமிக்குப் பிறகு யாரும் நின்று யோசிப்பதில்லை. தட்டைப் போட்டுவிட்டு ஓடுவார்கள். அன்றும் மொத்தக் கட்டடமும் படிகளில் இறங்கித் தெருவுக்கு வந்தது. மண்டல் அம்மாள் பூனையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கிருஷ்ணமூர்த்தி லுங்கியோடு வந்தார். எல்லோரும் எதிர்ப்பக்கம் நின்று கட்டடத்தைப் பார்த்தார்கள். நாலாம் மாடி பால்கனியில் ஜெரால்ட் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நாற்காலி டைல்ஸில் அங்குமிங்கும் நகர்வது கீழிருந்தே தெரிந்ததாம்.

"லே, பயப்படாதலே. நின்னுரும்," என்று அருள்நாதன் கீழிருந்து கத்தினார்.

நின்றுவிட்டது. ஒரு விரிசல்கூட விழவில்லை. எல்லோரும் சிரித்துப் பேசிக்கொண்டே மேலே போனார்கள். இரண்டு பேர் ஜெரால்டின் வீட்டுக் கதவைத் தட்டி, "ஒண்ணுமில்லல்லா?" என்று கேட்டுப் போனார்கள்.

ஜாக்குலின் ஹோட்டலிலிருந்து ஆட்டோ பிடித்து வந்து படியேறியபோது, அவன் தன்மேலேயே மூத்திரம் போயிருந்தான். அவள் துடைத்தாள். வேறு கைலி கட்டிவிட்டாள். அவன் சொன்னான்: "கட்டடம் விழுந்தா பரவால்லட்டி. எல்லாரும் கீழ நின்னு என்னப் பாத்தானுவ. அண்ணனும் பாத்தான். ஒருத்தனும் படியில காலு வைக்கல."

கொஞ்ச நேரம் கழித்து, "அந்த நந்தகுமார வரச் சொல்லு," என்றான்.

கடைக்கு மாறிய அன்று நாற்காலி தூக்கச் சந்திலிருந்து ஒருவரும் வரவில்லை. நந்தகுமார் சித்தாள்களை அனுப்பினான். செலின் தன் வீட்டு ஜன்னலை அடைத்துக்கொண்டாள். கடைக்குள் நடுவில் ஒரு படுதா கட்டி, பின்பாதியை ஜாக்குலின் வீடாக்கினாள். முன்பாதியில் ஜெரால்ட் தன் பலகையில் உட்கார்ந்து ஸ்பேனர்களை அடுக்கினான். ஷட்டரைத் தூக்கினால் சந்து, சந்தின் முடிவில் ஜெட்டி. பழைய வாசலைவிட நல்ல இடம்.

இன்ஜின் வரவில்லை. முதல் வாரம் போகட்டும் என்று இருந்தான். இரண்டாம் வாரம், கூடையில் கார்புரேட்டர் வைத்துக் கொடுத்த அதே ஆட்கள் இன்ஜினைத் தோளில் வைத்துக்கொண்டு கடை முன்னாலேயே நடந்து போனார்கள். தலையைத் திருப்பவில்லை. ஒருவன் மட்டும் திரும்பி, "தப்பா எடுத்துக்காத மக்கா," என்று மெதுவாகச் சொல்லிவிட்டு நடந்தான்.

லிஃப்ட் வராமலே நாலாம் மாடி வீடு டூரிஸ்ட் அறைகளாக மாறியது. அது நடந்ததும் கிருஷ்ணமூர்த்தி தன் வீட்டையும் சிவப்பிரகாசத்திடம் கொடுத்துவிட்டு மெயின்லேண்டில் மகளிடம் போனார். "ஆரம்பிச்சது நான் இல்லையே," என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டுத்தான் போனார். பிறகு மண்டல் கொடுத்தார். பிறகு மற்ற இருவரும். மழை தொடங்கும் முன் அருள்நாதன் மட்டும் மிஞ்சினார். அவர் வாசலில் விருந்தாளிகளின் ஈரச் செருப்புகள் கிடந்தன. படகு வலையை அங்கே காயப்போடக் கூடாது, நாற்றம் வருகிறது என்று நந்தகுமார் வந்து சொன்னான்.

அன்று மாலை அருள்நாதன் கடைக்கு வந்தார். உள்ளே வரவில்லை. ஷட்டருக்கு வெளியே நின்றார்.

"சந்தோஷமாலே?"

ஜெரால்ட் தலை தூக்காமல், "கீழ இருக்கேன்ணே," என்றான்.

"அஞ்சு வீட்டையும் அந்தச் சிவப்பிரகாசம் கையில கொடுத்துட்டியே. இதத்தான நான் அன்னைக்கே சொன்னேன்."

படுதாவை விலக்கிக்கொண்டு ஜாக்குலின் வந்தாள். "சொன்னீங்க அத்தான். சரியாத்தான் சொன்னீங்க. ஒருத்தன் மாத்தினா எல்லாரும் போயிருவாவன்னு. அந்த ஒருத்தர் நீங்களா இருந்திருந்தா வீடு தம்பிக்குத்தான் போயிருக்கும். அவனுக்குப் போயிருக்காது."

சந்தில் இரண்டு பேர் நின்று கேட்டுக்கொண்டிருந்ததை அருள்நாதன் பார்த்தார்.

"அன்னைக்கு மாத்தியிருந்தாலும் இதே பேச்சு வந்திருக்கும்," என்றார்.

"வந்திருக்கும். உங்களப் பேசியிருப்பாவ. இப்ப இவரப் பேசுதாவ. அவ்வளவுதான் வித்தியாசம்."

அவர் ஜெரால்டைப் பார்த்தார். ஜெரால்ட் ஒரு திருகைத் துடைத்துக்கொண்டிருந்தான், துடைக்க அதில் ஒன்றும் இல்லை. அருள்நாதன் ஜெட்டிப் பக்கம் இறங்கிப் போனார். அவர் படகின் இன்ஜின் மூன்று நாளாக ஓடவில்லை என்று சந்துக்கே தெரியும். அதைப் பற்றி அவரும் பேசவில்லை, இவனும் கேட்கவில்லை.

மறுநாள் காலை நந்தகுமார் ஒரு ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்தான். விருந்தாளிகளுக்கு வாடகைக்கு விடுவது. வண்டூர் கடற்கரைக்குப் போய் வரும் வழியில் நின்றுவிட்டதாம். இன்னும் ஏழெட்டு வண்டி இருக்கிறது, எல்லாவற்றுக்கும் ஆள் வேண்டும் என்றான்.

"ஸ்கூட்டர் பாப்பீங்களாண்ணே?"

ஜெரால்ட் அதுவரை ஸ்கூட்டரைத் தொட்டதில்லை. ஜாக்குலின் வேலைக்குக் கிளம்பி, பையை மாட்டிக்கொண்டு நின்றாள்.

"சாச்சு நிறுத்து," என்றான் ஜெரால்ட். "எனக்கு எட்டுத மாதிரி."