நெஞ்சளவுக் கோடு

வெள்ளம் வடிந்த மறுநாள் காலை தெருவே வாளியும் துடைப்பமுமாக இறங்கியிருந்தது. என் மனைவி மட்டும் அளவுகோலைத் தோளில் சாத்திக்கொண்டு கிளம்பினாள். வீட்டுக்குள் கணுக்கால் புதையச் சேறு. முன்னறையில் என் தையல் இயந்திரங்கள் நான்கும் சேறு குடித்து நின்றன. ஒன்றின் சக்கரத்தைத் திருப்பிப் பார்த்தேன், அசையவில்லை. என் எரிச்சல் எல்லாம் அவள் மேல் திரும்பியது.

"வீடே சேத்துல கெடக்கு. நீ எங்க கிளம்பிட்ட?"

"எல்லாரும் சுவத்தைக் கழுவறதுக்குள்ள போயாகணுங்க. கழுவிட்டா, தண்ணி எது வரைக்கும் வந்துச்சுன்னு அப்புறம் ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க."

அவள் நகராட்சியில் நில அளவையாளர். உடம்புக்கு நான் அளவெடுக்கிறேன், ஊருக்கு அவள் அளவெடுக்கிறாள் என்று சொந்தக்காரர்கள் கேலி செய்வார்கள். இருபத்து மூன்று வருட வேலையில் அவள் ஒரு வார்த்தை அதிகம் பேசி நான் கேட்டதில்லை.

இந்த வேலையைச் செய்யச் சொல்லி அவளுக்கு யாரும் உத்தரவு போடவில்லை. மதியத்துக்கு மேல் நிவாரணப் பொட்டலம் கட்டத்தான் அலுவலகத்தில் கூப்பிட்டிருந்தார்கள். அதற்கு முன்பு கிடைத்த நேரத்தில் அவள் வீடு வீடாகப் போனாள். துணைக்கு அடுத்த வீட்டுத் தபால்காரர். தபால் எல்லாம் நனைந்து கூழாகிவிட்டதால் தனக்கும் வேலை இல்லை என்று அளவுகோலைப் பிடிக்க வந்தார். சுவரில் சேறு நின்ற இடத்தை அவள் கருவி வைத்துப் பார்த்து, நோட்டில் குறித்து, அந்த உயரத்தில் ஒரு சாண் நீளத்துக்கு நீலப் பெயிண்டில் கோடு இழுத்து, பக்கத்தில் தேதி எழுதினாள். பதினோரு நாள், இருநூற்றுப் பதினான்கு சுவர். எங்கள் வீட்டுக் கோடு வாசல் கதவுக்குப் பக்கத்தில் விழுந்தது. நான் போய் நின்றால் சரியாக நெஞ்சளவு.

எதற்கு இந்தப் பாடு என்று ஒருநாள் கேட்டேன். சோற்றைப் பிசைந்தபடியே சொன்னாள். இந்த வெள்ளத்தில் பழைய பள்ளிக்கூடம் இடிந்துவிட்டது அல்லவா, அது கட்டின காலத்துக் கோப்பைப் பதிவறையில் தேடி எடுத்தாளாம். அந்த இடத்தில் முன்பே ஒருமுறை வெள்ளம் வந்திருக்கிறது. அப்போது இருந்த அளவையாளர் அதை ஒரே வரியில் எழுதி வைத்திருக்கிறார்: மழை பலம், தண்ணீர் புகுந்தது.

"எவ்வளவு தண்ணின்னு எழுதலீங்க. கோலை வெச்சு ஒரு தடவை பாத்திருந்தா போதும். அரை மணி நேர வேலை. அவர் எழுதியிருந்தா அங்க யாரும் பள்ளிக்கூடம் கட்டியிருக்க மாட்டாங்க."

அதற்கு மேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வெள்ளம் வந்த அன்று பட்டப்பகலில் நூற்றெண்பது பிள்ளைகள் மேசை மேல் மேசை போட்டு அதன் மேல் ஆறு மணி நேரம் நின்றதை ஊரே பார்த்தது. படகு வரும்வரை தலைமையாசிரியை ஒவ்வொரு பிள்ளையின் பேரையும் திரும்பத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். எல்லோரும் பிழைத்தார்கள். சுவர்தான் மறுநாள் சரிந்தது.

முதல் மாதம் ஜனங்கள் அவளைக் கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்து, "எங்க வீட்டுல எவ்வளவும்மா?" என்று கேட்டார்கள். சுவருக்குப் புதுச் சுண்ணாம்பு அடித்த பிறகு அந்த நீலக் கோடு எல்லோர் கண்ணையும் உறுத்த ஆரம்பித்தது. குடிவர நினைத்தவர்கள் கோட்டைப் பார்த்ததும் திரும்பிப் போனார்கள். ரொட்டிக் கடைக்காரர் ஒருநாள் அவளை வழிமறித்து, கோட்டம்மா என்று பட்டப்பெயர் வைத்தார். அது ஊர் முழுக்க ஒட்டிக்கொண்டது. அவள் சண்டைக்குப் போகவில்லை. "வேணாம்னா அழிச்சுக்கோங்க. நோட்டுல இருக்கு," என்பாள்.

நானும் யோக்கியன் இல்லை. வீட்டை விற்றுவிட்டு மகள் இருக்கும் மேட்டுப்பகுதிக்குப் போய்விடலாம் என்று எனக்கு ஆசை. ஒரு சனிக்கிழமை வீடு பார்க்க ஒரு இளம் ஜோடி வந்தது. அந்தப் பெண்ணுக்கு ஏழாம் மாதம். அவர்கள் வருவதற்கு முன்பே நான் அந்தக் கோட்டின் மேல் வெள்ளையடித்திருந்தேன். அந்தப் பெண் முன்னறையில் நின்று, தொட்டிலை எங்கே போடலாம் என்று கையைக் காட்டிக் கணவனிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் என் பக்கம் திரும்பி, "இங்க தண்ணி வந்துச்சாண்ணே?" என்று கேட்டான்.

"வந்துச்சு தம்பி. கால் நனையற அளவுதான்," என்றேன்.

அப்போதுதான் என் மனைவி வேலை முடிந்து உள்ளே வந்தாள். செருப்பைக் கழற்றினாள். சுவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு அந்தப் பெண்ணிடம், "நெஞ்சளவு வந்துச்சும்மா. நாலடி மூணு அங்குலம். நீ தொட்டில் போடலாம்னு கை காட்டற இடத்துலதான்," என்றாள்.

அந்த ஜோடி கிளம்பிப் போய்விட்டது. எனக்கு அவமானத்தில் காது சுட்டது.

"உன் வாயில கொழுக்கட்டையா வெச்சிருக்கன்னு இத்தனை வருஷம் உன்னைக் கேட்டேன். பேசறதுக்கு இன்னைக்குத்தான் நேரம் கெடச்சுதா?"

"தெரிஞ்சே இருக்கற நாம இருக்கலாங்க. தெரியாம வர்றவங்களை உள்ள விட்டுட்டு நாம போகக் கூடாது."

மறுநாள் விடிந்தபோது கோடு பழைய இடத்தில் ஈரமாக மின்னியது. நான் ஒரு வாரம் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்த ஒரு வாரமும் அவள் எனக்கு முதலில் சாப்பாடு போட்டுவிட்டுத்தான் தான் உட்கார்ந்தாள். அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

அடுத்த மாதம் புதிய பள்ளிக்கூடம் பற்றிய கூட்டம் நகராட்சி மண்டபத்தில் நடந்தது. பிள்ளைகளின் சீருடை தைப்பவன் என்பதால் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். பழைய இடத்திலேயே, தரையோடு தரையாகக் கட்டத் திட்டம். பெரிய இன்ஜினியர் படத்தைக் காட்டி விளக்கினார். முடிந்ததும் என் மனைவி எழுந்தாள். கட்டடத்தைத் தூண் மேல் ஆறடி உயர்த்த வேண்டும் என்றாள். நோட்டைத் திறந்து அளவுகளைப் படித்தாள்.

இன்ஜினியர் பொறுமையாகவே பேசினார். "அம்மா, இந்த மாதிரி மழை நூறு வருஷத்துக்கு ஒரு தடவை வர்றது. அடுத்தது வரும்போது இந்த மண்டபத்துல இருக்கற யாரும் இருக்க மாட்டோம்."

"நாம இருக்க மாட்டோம் சார். பள்ளிக்கூடம் இருக்கும். அதுல யாராவது உக்காந்திருப்பாங்க," என்றாள். "அப்புறம், பதினோரு வருஷத்துல இது மூணாவது தண்ணி. ஒவ்வொண்ணும் முன்னதை விட ஒசரம். மழை இப்போ பழைய கணக்குப்படி பெய்யறதில்ல சார்."

ரொட்டிக் கடைக்காரர் பின்வரிசையிலிருந்து, "வீட்டுக்கெல்லாம் கோடு போட்டு முடிச்சாச்சு, இப்போ பள்ளிக்கூடத்துக்கா?" என்றார். மண்டபம் சிரித்தது. அவள் உட்காரவில்லை. நோட்டைப் புரட்டிக்கொண்டு நின்றாள்.

நான் எப்படி எழுந்தேன் என்று எனக்கே தெரியாது. கூட்டத்தில் பேசிப் பழகாதவன் நான். "என் வீட்டுக் கோட்டை நான்தான் வெள்ளையடிச்சு மறைச்சேன்," என்றேன். சிரிப்பு நின்றது. "வயித்துல பிள்ளையோட வந்த பொண்ணுக்கிட்ட, கால்தான் நனையும்னு பொய் சொன்னேன். இவ உள்ள வந்து உண்மையைச் சொல்லலேன்னா, நாளைக்கு அந்தப் பிள்ளை பொறந்து அங்கதான் தூங்கும். நான் மேட்டுல போய் நிம்மதியா தச்சுக்கிட்டிருப்பேன். இங்கயும் இப்போ அதேதான் நடக்குது. நாம செத்ததுக்கப்புறம் வர்ற பிள்ளைங்க நம்மகிட்ட, தண்ணி வருமான்னு கேக்க முடியாது. அதனால அவங்களுக்காக இவ கேக்கறா."

தலைமையாசிரியைதான் முதலில் கையைத் தூக்கினார். பிறகு ஒவ்வொரு கையாக எழுந்தது. ரொட்டிக் கடைக்காரர் கை எழவில்லை. ஆனால் அவர் மனைவி கையைத் தூக்கியிருந்தார்.

பள்ளிக்கூடம் தூண் மேல் ஏறியது. அதனால் இரண்டு வகுப்பறை குறைந்தது, வேலை ஒன்றரை வருடம் இழுத்தது. அதுவரை பிள்ளைகள் ஒரு கிடங்கில் காலை ஒரு பாதி, மாலை ஒரு பாதி என்று படித்தார்கள். அலைந்த தாய்மார் எல்லோரும் அவளைத்தான் திட்டினார்கள். மேலதிகாரிகளுக்கும் அவள் மேல் கோபம். பிறப்பு இறப்புப் பதிவுப் பிரிவுக்கு மாற்றி மூன்று வருடம் ஒரு மூலையில் உட்கார வைத்தார்கள். பிறந்த குழந்தைகளின் பெயரைத் தினமும் எழுதுவது நல்ல வேலைதான் என்று அவள் சொன்னாள். என்னைச் சமாதானப்படுத்தச் சொன்னாளா, உண்மையாகவே சொன்னாளா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

இப்போது ஏழு வருடம் ஆகிறது. நாங்கள் அதே வீட்டில்தான் இருக்கிறோம். தையல் இயந்திரங்கள் மாடிக்குப் போய்விட்டன. பெரிய வெள்ளம் இதுவரை வரவில்லை. பள்ளிக்கூடத்துத் தூண்களுக்கு நடுவே பிள்ளைகள் பந்து விளையாடுகிறார்கள். "என்ன கோட்டம்மா, உங்க தண்ணியைக் காணோமே?" என்று கேட்கிறவர்கள் இன்னும் கேட்கிறார்கள்.

"வரட்டும்னா சொன்னேன்? வராம இருந்தா ரொம்ப நல்லது," என்று அவள் நடையை நிறுத்தாமல் போய்விடுவாள். தான் சொன்னது சரிதான் என்று நிரூபணமாகும் நாளுக்காகக் காத்திருக்காத ஒரு மனுஷியை என் வாழ்நாளில் நான் வேறு பார்த்ததில்லை.

போன வாரம் விடாமல் நாலு நாள் மழை. ஓய்வு பெற்றும் அவளுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. குடையை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் வரை போய்ப் பார்த்துவிட்டு, அரை மணி நேரம் கழித்துத் தொப்பலாக நனைந்து வந்தாள்.

"முழங்கால்கூட இல்ல," என்றாள். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

அவளிடம் என்னவெல்லாமோ சொல்ல வேண்டும் போலிருந்தது. "தலையைத் துவட்டு, ஜலதோஷம் பிடிக்கும்," என்று துண்டை நீட்டினேன்.