தண்ணி நண்டைப் பிரித்தவள்

1

கோதண்டம் என் மகளுக்குத் தரவேண்டியது இரண்டாயிரத்து நூற்று அறுபது ரூபாய். பன்னிரண்டு நாள் கூலி. அதைக் கேட்கப் போய், கேட்காமலே வந்த அன்றுதான் இந்தக் கதையை எழுத உட்கார்ந்தேன்.

‘பழவேற்காடு ஏரி மிக அழகான’ என்று தொடங்கி அடித்துவிட்டேன். நான் கோதண்டத்தின் நண்டுக் கொட்டகையில் ஐஸ் பெட்டி தூக்குகிறவன். நிமிர்ந்து பார்த்தது குறைவு.

2

ரோஸ்மேரிக்குப் பதினெட்டு வயது. ஆட்டிசம். பயிற்சி மையத்து சத்யா டீச்சர் படம் ஒட்டிப் பழக்கினார்: நல்ல நண்டு நீலக் கூடை, தண்ணி நண்டு சிவப்புக் கூடை. (தண்ணி நண்டு புதிதாக ஓடு மாற்றியது. அமுக்கினால் குழியும், உள்ளே சதை இருக்காது.) வீட்டில் நானும் ஏழு மாதம் பழக்கினேன். அவள் கைக்கு ஒன்றுகூடத் தப்பாது. கோதண்டத்தின் கொட்டகையிலேயே நண்டு பிரிக்கச் சேர்த்துவிட்டேன்.

3

எடை போடுமுன் நல்ல கூடையின் அடியில் நாலைந்து தண்ணி நண்டைச் சேர்ப்பது எங்கள் கொட்டகை வழக்கம். அவள் வேலைக்கு வந்த பன்னிரண்டாம் நாள் சேர்த்தது நான். [இந்த வரியை எழுதாமல் இரண்டு முறை தாண்டிப் போனேன்.] அன்றுதான் முதல்முறை தராசருகே வந்த ரோஸ்மேரி, வியாபாரியின் கண்ணெதிரே எல்லாவற்றையும் பொறுக்கிச் சிவப்பில் போட்டாள்.

“இன்னா கோதண்டம், உன் ஆளே உன்னப் போட்டுக் குடுக்குது!” என்று சிரித்த வியாபாரி, சரக்கை எடுக்காமல் போய்விட்டார்.

கோதண்டம் என்னைப் பார்த்தார். “ஞானதாசு, கலக்கவும் கத்துக் குடு. திங்கக்கெழம இட்டுனு வா. கூலியும் வாங்கிக்க.”

“அது புள்ளைக்குப் புரியாதுண்ணா.”

“உனக்குப் புரிஞ்சுதில்ல? நீ இன்னா காலேஜா படிச்ச?”

4

ஞாயிறு, சர்ச் முடிந்து வந்து கற்றுக்கொடுத்தேன். நீலக் கூடையில் தண்ணி நண்டை வைத்தேன். எடுத்தாள். வைத்தேன். எடுத்தாள். பதினோராவது முறை, “தண்ணி, நைனா” என்றாள், எனக்குத்தான் தெரியவில்லை என்பதுபோல. பன்னிரண்டாவது முறை தன் கையைக் கடித்துக்கொண்டாள். கூடைகளைக் கழுவிக் கவிழ்த்தேன்.

இங்கே ஒரு முடிவு வைத்திருந்தேன்: கலக்கக் கற்றுக்கொள்கிறாள், வேலை நிலைக்கிறது. எழுதி முடிக்கக் கை வரவில்லை. இன்னொன்றில் அந்த வியாபாரியே அவளை வேலைக்குக் கூப்பிடுகிறார். அது நான் ஆசைப்பட்டு எழுதியது.

5

திங்கட்கிழமை கையுறை மாட்டி வாசலில் நின்றாள். “இன்னிக்கு லீவும்மா” என்று பொய் சொல்லிவிட்டு நான் மட்டும் போனேன்.

“பொண்ணு?” என்றார் கோதண்டம்.

“வராதுண்ணா.”

“அப்போ கூலி?”

என் வேலையாவது நிலைக்க வேண்டும். “அன்னிக்கு நின்னுபோன சரக்கு நட்டத்துக்குக் கூலிய கழிச்சிக்கண்ணா” என்றேன்.

வீட்டில் அவள் கையுறையைக் கழற்றியிருக்க மாட்டாள். போய் என்ன சொல்வது என்று எனக்கு எழுதத் தெரியவில்லை. கீழே இடம் விட்டிருக்கிறேன், நீங்கள் எழுதுங்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: கோதண்டம் கூலி நோட்டைப் பிரித்து, ரோஸ்மேரி என்ற பெயரையும் பக்கத்துத் தொகையையும் சேர்த்து ஒரே கோடாக அடித்தார்.