பின் சீட்டுப் பாரம்

அவருடைய பிடரியும், காலருக்குள் திட்டாகப் படிந்த பவுடரும், பக்கத்தில் எனக்குப் பதிலாக உட்கார்ந்து வரும் புளிசோத்துத் தூக்கும், இதைத்தான் முப்பத்தாறு வருஷமாகப் பின் சீட்டிலிருந்து பார்த்துக்கொண்டு வருகிறேன், கல்யாணமான புதிதில், ஏனுங்க நானும் முன்னாடி வந்து உக்காரட்டுங்களா என்றதற்கு, பின்சக்கரந்தான் புள்ள வண்டியத் தள்ளுது, பாரம் பின்னாடி இருக்கோணும் என்றார், பாரமாம், நான் கொஞ்சம் பூசின உடம்புதான், அதற்காகத் தாலி கட்டிய பத்தாம் நாளே சொல்வதா, அடப் பாவி மனுசா என்று ஏறி உட்கார்ந்தேன், அன்றைக்கு முன்னால் என் அண்ணனுடைய அம்பாசிடர் போகிறது, பின்னால் எங்கள் பியட், ஏற்காட்டு மலைப்பாதை, மழை, யார் வண்டி ஒசத்தி என்று சேலத்தில் ஆரம்பித்த வாய்ச்சண்டை இன்னும் ஓயவில்லை, ஒன்பதாவது வளைவில் மண் சரிந்து பாதையெல்லாம் சேறு, ரெண்டு வண்டிக்கும் பின்சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றுகிறது, அண்ணன் ஓடி வந்து, பாப்பா நீ நம்ம வண்டியில ஏறு என்றது, ஏறினேன், அம்பாசிடர் உறுமிக்கொண்டு மேலே போய்விட்டது, பாத்தீங்களா மாப்ள, யானையாட்ட ஏறுது என்றது அண்ணன், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கீழே நடந்து வந்து பியட்டில் ஏறினேன், அதுவும் ஏறிவிட்டது, பாத்தீங்களா மச்சான், சிட்டாட்ட ஏறுது என்கிறார் இவர், அம்பாசிடரில் ஒரு கல்யாணக் கூட்டமே போகலாம், பியட் வளைவில் சுளுவாகத் திரும்பும், அப்படி இப்படி என்று லாட்ஜ் வாசல்வரை அடித்துக்கொண்டார்கள், ரெண்டையும் ஏற்றிவிட்டவள் முழங்கால் சேற்றோடு நிற்கிறேன், ஒரு ஆளாவது திரும்பிப் பார்த்தால்தானே.

இன்றைக்கும் அதே மலை, அதே மழை, அதே வளைவில் சேறு, மகன் வாங்கிக்கொடுத்த புதுவண்டி நகரமாட்டேன் என்கிறது, இவர் திரும்பி, இந்தா புள்ள, முன்னாடி வந்து உக்காரு என்கிறார், என்னங்க திடீர்னு இவ்வளவு பாசம் என்றேன், இந்த வண்டிக்கு முன்சக்கரந்தான் இழுக்குது, அதான் என்கிறார், விளங்கிப்போச்சு போங்க என்று தூக்கைப் பின்னால் தள்ளிவிட்டு ஏறினேன், வண்டியும் ஏறிவிட்டது, இனிச் சேறில்ல, பின்னாடி போறதுன்னாப் போ, கால நீட்டி உக்காரலாம் என்றவரைப் பார்க்கிறேன், பிடரி இல்லை, முகம், ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் கணக்குப் பரீட்சை எழுதுகிறவர் மாதிரி நாக்கு நுனியைக் கடித்துக்கொள்கிறார், முப்பத்தாறு வருஷமாக இது எனக்குத் தெரியாமலே போயிருக்கிறது, இன்னும் பதினோரு வளைவு இருக்குதுங்க, நான் எந்திரிச்சா வண்டி சறுக்கிப்போடும் என்று சொல்லி, சீட் பெல்ட்டை இன்னும் ஒருதரம் இழுத்துவிட்டுக்கொண்டேன்.